மூச்சுக் கோப்புகள்

ஊர் பேர் தெரியாத ஃபைல்களோடு என் வாழ்க்கையில் பத்து வருடத்துக்கு மேல் போனது. பெயர் என்று ஏதோ ஒன்று இருக்கும்: 'டேட்டா', 'நியூ', 'ஃபைனல்', அதற்கு மேல் ஒரு 'ஃபைனல் டூ'. எந்தக் கருவி எழுதியது, எங்கே, எப்போது, உள்ளே இருப்பது தண்ணீரின் உப்பா புகைபோக்கியின் கந்தகமா என்று மட்டும் யாருக்கும் தெரியாது. கொண்டு வருகிறவர்கள் ஃப்ளாப்பியை மேஜைமேல் வைத்துவிட்டு, ஊறுகாய் பாட்டிலை நீட்டுவது போல, "கொஞ்சம் தொறந்து குடுங்க" என்பார்கள். ஒரு வாரம் கேட்டவரும் அப்படித்தான் சொன்னார், அடுத்த வாரம் கேட்டவரும் அப்படித்தான்.

நான் வேலை பார்த்த சோதனைக்கூடம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஆலைகளின் கழிவுநீரையும் புகையையும் சோதித்து ரிப்போர்ட் கொடுப்பது அதன் தொழில். ரிப்போர்ட் டைப் அடிக்கத்தான் என்னைச் சேர்த்தார்கள். பக்கத்து ஆலையின் பழைய கருவி ஒன்று எழுதி வைத்த ஃபைலை ஒருநாள் தற்செயலாகத் திறந்து காட்டினேன். அதோடு அந்த வேலை என் தலையில் விழுந்தது. முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்த ஃபைலா இருந்தாலும் எங்க பொண்ணு கண்டுபிடிச்சிடும்" என்று மணலி முழுக்கச் சொல்லி வைத்தார். சம்பளத்தைப் பற்றி அவர் எங்கேயும் சொன்னதாகத் தெரியவில்லை.

கண்டுபிடிப்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. பல கருவிகள் ஃபைலின் தலையில் தங்கள் இனிஷியலை எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்கும். சில ஊமை. தேதியில் மாதம் முன்னால் வந்தால் அமெரிக்கச் சரக்கு. புள்ளி வரவேண்டிய இடத்தில் கமா நின்றால் ஜெர்மனிப் பக்கம் போய்த் தேட வேண்டும். எல்லாம் குப்பை எழுத்தாகவே தெரிந்தால் ஃபைலின் நீளத்தை வகுத்து வகுத்துப் பார்ப்பேன். எத்தனை எண்ணுக்கு ஒருமுறை அதே மாதிரி திரும்ப வருகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேஜை அதிரும், மின்சாரம் போகும், எழுதி வைத்தது அழியும். மறுபடி ஆரம்பிப்பேன். மாலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

எங்கள் கூடத்தில் குடுவை கழுவ ஓர் அக்கா வருவார். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு. சத்தமாகப் பேசுவார், சத்தமாகச் சிரிப்பார், ஆசிட் பட்ட கையை உதறிவிட்டு வேலையைத் தொடர்வார். சில வாரங்களாக அந்தச் சத்தம் இல்லாமல் இருந்தது. ஒருநாள் மத்தியானம் துணிக்கடைக் கவரில் சுற்றிய இரண்டு ஃப்ளாப்பிகளை என் முன்னால் வைத்தார்.

"யம்மா, இத்த கொஞ்சம் தொறந்து பாரு. எங்க வூட்டுக்காரரு மூச்சு இதுல கீதாம்."

எனக்குப் புரியவில்லை. அவரை உட்கார வைத்துக் கேட்டேன்.

அவருடைய கணவர் மணலிப் பக்கம் ஒரு சாயப்பொடி ஆலையில் அரவைப் பிரிவில் இருந்தார். சிவப்புப் பொடி. வேலை முடிந்து வெளியே வருகிற ஆட்கள் உச்சி முதல் பாதம் வரை சிவந்து, யார் எவர் என்று தெரியாமல் வருவார்கள் என்று நானே பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன். ஐந்தாறு வருடம் அந்தப் பொடியில் நின்ற பிறகு அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பொடி இல்லாத இடத்துக்கு, ஸ்டோருக்கு, மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டார். ஆலை டாக்டர் பழைய காகிதம் ஒன்றை எடுத்துக் காட்டினார். இவரும் கூட இருந்தவர்களும் தற்காலிக ஆட்களாகச் சேர்ந்த புதிதில், நிரந்தரமாக்குவதற்கு முன், ஒரு மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்து கேன்டீனில் முகாம் நடத்தி எல்லோரையும் ஒரு குழாயில் ஊதச் சொன்னார்களாம். அந்தக் காகிதத்தில் இவருடைய நுரையீரல் அப்போதே பாதிதான் வேலை செய்கிறது என்று இருந்தது. ஆகவே இது இங்கே வந்த வியாதி இல்லை, கூடவே கொண்டு வந்தது. ஸ்டோர் கிடையாது. இன்னும் முடியாமல் போனால் 'உடல் தகுதி இல்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"பேண்டு செட்டுல ட்ரம்பெட் ஊதிகினு இருந்த மனுசன்மா அவுரு. புளியந்தோப்புல ஆரம்பிச்சாருன்னா பேசின் பிரிட்ஜ் வரைக்கும் நிறுத்த மாட்டாரு. அவுருக்குப் போய் மூச்சு இல்லன்னு எழுதிக்கீறான் பாரு, கண்ணு அவிஞ்சவன். மெசினு தப்பா காட்டிக்கீது. நீ பாத்து சொல்லு."

முகாமின் ஃபைல்கள் ஒரு நகலாக ஆலையின் தொழிற்சங்க அறை அலமாரியில் கிடந்தன. அதைத்தான் கேட்டு வாங்கி வந்திருந்தார். கல்லூரிக்கு நான் போன் செய்தேன். அந்த ஊதும் கருவி வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று இரவல் கொடுத்ததாம், திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அதன் மென்பொருளும் அதோடு போய்விட்டது. முகாமுக்கு வந்த மாணவர்களும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். ஆக, இந்த ஃபைல்களைப் படிக்க இந்த ஊரில் யாரும் இல்லை.

முதல் ஃப்ளாப்பி கரகரவென்று சத்தம் போட்டு, நாலாவது தடவைதான் திறந்தது. உள்ளே ஆளுக்கு ஒரு ஃபைல், வெறும் எண்களே பெயர். தலையில் இரண்டு எழுத்து இனிஷியல், அது எந்தக் கம்பெனி என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. அதற்கடுத்து ஆளின் பெயர், பாதியில் வெட்டுப்பட்டு. தேதியில் நாள் முன்னால் வந்தது, அதனால் அமெரிக்கா இல்லை. நேரத்தைப் பார்த்தால் ஆட்கள் எல்லோரும் உச்சிப் பகலில் ஊதியதாக இருந்தது. முகாம் நடந்தது பகல் ஷிப்டு முடிந்து மாலையில் என்று அக்கா சொல்லியிருந்தார். கருவியின் கடிகாரத்தை நம் ஊர் நேரத்துக்கு யாரும் மாற்றவில்லை என்று புரிந்தது. எங்கோ மேற்கே இருக்கிற ஒரு ஊரின் நேரத்திலேயே கேன்டீனில் உட்கார்ந்து அது வேலை பார்த்திருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தது எல்லாம் எண்கள். ஒவ்வொரு எண்ணையும் இரண்டு துண்டாக எழுதி வைப்பார்கள். எந்தத் துண்டு முன்னால் என்பது கருவிக்குக் கருவி மாறும். மாற்றிப் படித்துவிட்டால் திரையில் கோடு மிதிபட்ட கரப்பானின் கால்கள் மாதிரி நாலாபக்கமும் போகும். முதலில் அப்படித்தான் போனது. துண்டுகளை இடம் மாற்றினேன். ஒரு குன்று வந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தச் சலிப்பிலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முழு மூச்சு இழுத்து ஓர் ஆள் ஊதும்போது காற்று சட்டென்று உச்சிக்கு ஏறி மெதுவாகச் சரியும். நல்ல நுரையீரல் என்றால் உயரமான குன்று, கெட்டது என்றால் மேடு. எந்த மனிதரோ என்றைக்கோ விட்ட மூச்சு திரையில் நின்றது.

அக்காவின் கணவருடைய ஃபைலைத் திறந்தேன். மேடுதான். தாழ்ந்த, தளர்ந்த மேடு. காகிதத்தில் இருந்தது சரி, கருவியும் சரி. எனக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. இதை எப்படி அவரிடம் சொல்வது என்று இரண்டு நாள் குடுவை அறைப் பக்கமே போகாமல் இருந்தேன்.

சொல்வதற்கு முன் நான் படித்த அளவு சரிதானா என்று மற்றவர்களுடைய ஃபைல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஒருவருடைய குன்றில், ஏறும் வழியில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தது, படிக்கட்டில் ஒரு படி மாதிரி. அடுத்த ஃபைலிலும் அதே இடத்தில் அதே வெட்டு. அதற்கடுத்தும். பிறகு நாலைந்து பேருக்கு இல்லை, மறுபடி வந்தது. என் தப்பு என்றுதான் நினைத்தேன். ஃபைலை எங்கிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பதில் பிசகிவிட்டால் ஒரே ஆளின் எண்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்போம், எனக்கு அது முன்பே நடந்திருக்கிறது. என் கணக்கை முதலிலிருந்து பிரித்துப் பார்த்தேன். மின்சாரம் போனது. வந்ததும் மறுபடி பார்த்தேன். என் கணக்கில் பிசகு இல்லை.

ஒரே ஃபைலின் நகல் என்றால் எண்கள் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். இவை ஒன்றாக இல்லை, ஒன்று போல இருந்தன. பெயர் வேறு, வயது வேறு, உயரம் வேறு. குன்று மட்டும் ஒரே ஜாடை. பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களை நேரப்படி வரிசையாக அடுக்கிப் பார்த்தேன். முதல் ஆளுடையது மிக உயரமான குன்று, அந்த முகாமிலேயே உயரமானது. அடுத்தது கொஞ்சம் தாழ்வு. அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். அப்படியே இறங்கி இறங்கி, வரிசையின் கடைசியில் அந்த வெட்டோடு அந்தத் தளர்ந்த மேடு. அக்காவின் கணவர்.

நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

வார விடுமுறை நாளில் அக்கா அவரை அழைத்து வந்தார். மாடிப்படி ஏறி வந்தவர் கதவருகே நின்று மூச்சு திரும்பும் வரை காத்திருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டார். நல்ல அகலமான மார்பு, சட்டைக்குள் அது ஏறி இறங்குவதே தெரிந்தது. காதின் மடிப்பில் சிவப்பு இன்னும் இருந்தது. திரையில் குன்றுகளை வரிசையாகக் காட்டி, "அண்ணே, இதெல்லாம் நீங்கதானே?" என்று கேட்டேன்.

திரைப் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"தோ இந்த வெட்டு கீதே, அது நாக்கு தங்கச்சி. ட்ரம்பெட்டுல மொதல்ல நாக்கால தட்டித்தான் எடுக்கணும். அந்தப் பழக்கம். கொழாய்ல ஊத சொன்னாலும் எனுக்கு அப்டிதான் வரும்."

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாய்யா சொல்றே?"

அவர் சொன்னார். ஊத முடியாதவர்களை நிரந்தரமாக்க மாட்டார்கள், கையோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முகாமுக்கு முந்தின நாள் ஆலையில் பேச்சுக் கிளம்பியது. அவர்களில் சிலர் துறைமுகத்தில் கரி இறக்கி ஏற்கெனவே நெஞ்சு கெட்டவர்கள். ஒருவருக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பேண்டு செட் ஆள்தானே, எங்களுக்கும் சேர்த்து ஊதிவிடு என்று இவரிடம் வந்தார்கள். பெயரும் உயரமும் எழுதுகிற மேஜை வெளியே. ஊதுவது உள்ளே, பெட்ஷீட் கட்டின மறைப்புக்குப் பின்னால். உள்ளே இருந்த மாணவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷிப்டு முடிந்து வந்தவர்கள் எல்லோரும் ஒரே சிவப்பு. அவனுக்கு யாரைத் தெரியும்? வெளியே ஆள் பெயர் கொடுப்பான், டோக்கனை வாங்கிக்கொண்டு இவர் உள்ளே போவார்.

"நாலு பேருக்குன்னுதான் ஆரம்பிச்சது. அப்பால எனுக்கு, எனுக்குன்னு வந்துகினே இருந்தானுங்க. தோஸ்துங்க, எப்டி மாட்டேன்றது? கடைசியில ஒருத்தன், டேய் உன் டோக்கன் எங்கடான்னான். அப்போதான் எனுக்கே ஞாபகம் வந்துச்சு. தலை சுத்துது, கண்ணு இருட்டுது. இருந்தத ஊதினேன்."

அந்த முகாமால் அன்றைக்கு யாருக்கும் வேலை போகவில்லை. கல்லூரிக்காரர்கள் தங்கள் ஆராய்ச்சிக்காகத்தான் ஊதச் சொன்னார்கள். எல்லோரையும் நிரந்தரமாக்கினார்கள். காகிதங்கள் கட்டோடு ஆபீஸில் போய்த் தூங்கின. இவ்வளவும் ஒரு வெட்டிப் பேச்சுக்காக.

எனக்குக் கோபம்தான் வந்தது, ஆனால் நம்பிக்கையும் வந்தது. "அண்ணே, இதை நான் எழுதிக் குடுக்கறேன். எல்லாம் ஒரே ஆளோட மூச்சுன்னு நேரத்தோட, படத்தோட காட்டிடலாம். உங்க நெஞ்சு அன்னிக்கு எவ்ளோ நல்லா இருந்ததுன்னு இந்த முதல் குன்றே சொல்லும். ஸ்டோர் குடுத்துத்தான் ஆகணும்."

அவர் முதல் குன்றைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அப்போ அவுங்க?"

நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை. அவர்தான் பொறுமையாக, நிறுத்தி நிறுத்தி எனக்கு விளக்கினார். அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மூன்று பேருக்குப் போன வருடம் மூச்சு முட்டியபோது அதே டாக்டர் அதே கட்டைப் பிரித்து, சேரும்போது உன் நெஞ்சு நன்றாகத்தான் இருந்திருக்கிறது, இது இங்கே வந்தது என்று சொல்லி ஸ்டோருக்கு மாற்றினார். இவர் ஊதிய மூச்சுதான் அவர்களைப் பொடியிலிருந்து வெளியே கொண்டு வந்தது. நான் எழுதிக் கொடுத்தால் அந்த மூச்சு இவருக்குத் திரும்ப வரும், அவர்கள் ஏமாற்றியவர்கள் ஆவார்கள்.

அக்காவுக்கு அப்போதுதான் முழுதும் விளங்கியது. "உன் மூச்ச வாங்கிகினு அவனுங்க நெழல்ல குந்திகினு கீறானுங்க. நீ சாவப்போறியா? யம்மா, நீ எழுது. இவுரு கெடக்கறாரு."

"எழுது தங்கச்சி. எழுதிக்க. நான் போய் இல்லன்னுடுவேன். யாருக்காவும் நான் ஊதலன்னு சத்தியம் பண்ணுவேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மிரட்டிவிட்டுக் கும்பிடுகிற ஆளை என்ன செய்வது? இந்த ஃபைல்களைப் படிக்க ஊரில் வேறு யாரும் இல்லை, நான் வாயைத் திறந்தால்தான் உண்டு. அந்தத் திறமையைத் தூக்கிக் கடலில் போடலாம் போல இருந்தது. அவர்கள் இறங்கிப் போன பிறகு நான் அடித்து வைத்திருந்த ஒரு பக்கத்தைக் கிழித்தேன். மனம் ஒப்பிக் கிழிக்கவில்லை. அது அவருடைய மூச்சு, யாருக்குக் கொடுப்பது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று மட்டும் தோன்றியது.

ஒரு மாதம் கழித்து ஆலையிலிருந்து கடைசியாக ஒரு வழி சொன்னார்கள். டவுனில் ஒரு மருத்துவமனையில் புதிதாக ஊத வேண்டும். தேறினால் அரவைப் பிரிவிலேயே வேலையைத் தொடரலாம், தேறாவிட்டால் தகுதி இல்லை என்று கணக்கு முடித்துவிடுவார்கள். அக்கா அந்த வாரம் வேலைக்கு வரவில்லை. ஃப்ளாப்பிகளைத் திருப்பிக் கொடுக்க நான் மாலையில் வியாசர்பாடி போனேன்.

இரண்டாம் மாடி நடையில் செருப்புகள் குவிந்து கிடந்தன. உள்ளே ஏழெட்டு ஆண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு முகம் தெரியாது, ஆனால் ஒருவருக்கொருவர் பெயர் சொல்லி அழைத்தபோது பாதியில் வெட்டுப்பட்ட அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்திருந்தன. அக்கா சுவரோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். நடுவில் இருந்தவர் அண்ணனின் தோளில் கை போட்டுச் சொன்னார். "மாமு, நீ ஒன்னியும் கவலப்படாத. அங்க உன் மூஞ்சி எவனுக்குத் தெரியும்? இந்த தபா உனுக்கு நாங்க ஊதறோம்."

"ஆமா, எங்கள்ல ஒருத்தன் போறோம்" என்றார் இன்னொருவர்.

"எவன் போறது?"

அந்தக் கேள்வியைக் கேட்டவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்டோருக்குப் போனவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பொடியில் இன்னும் நின்றுகொண்டிருந்த ஒருவர் நெஞ்சில் கை வைத்து ஆழமாக மூச்சு இழுத்துப் பார்த்தார், பாதியிலேயே இருமல் வந்துவிட்டது. அடுத்தவர் முயற்சி செய்தார். அவருக்கும் வந்தது. இரண்டு மாடி ஏறி வந்த மூச்சிரைப்பே சிலருக்கு இன்னும் அடங்கவில்லை. அத்தனை ஆண்களில் ஒரே ஒரு நல்ல மூச்சு இல்லை.

அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரிக்க, அவர்களும் சிரித்தார்கள், இருமினார்கள், கண்ணைத் துடைத்தார்கள். அக்கா அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. என்னை யாரும் கவனிக்கவில்லை. ஃப்ளாப்பிகளை டிவி மேல் வைத்துவிட்டு வந்தேன்.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் தானே போய் ஊதினார்.